மண்சாமியிடம் மண் கேட்டவர்கள்

தைவான் நாட்டுத் தோங்காங் மீன் ஏலக்கூடத்தில் ஜின்சுவான் வாயைத் திறந்தால் துறைமுகத்தின் அந்தக் கோடியில் வலை பின்னிக்கொண்டிருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். ஆள் நீளத்துக்குச் சூரை மீன்களைத் தரையில் வரிசையாகக் கிடத்தியிருக்க, அவற்றின் நடுவே நடந்துகொண்டே விலை கூவுகிற வேலை அவருக்கு. அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்ததும் கண்ணாடித் தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா செல்லங்களா?" என்று கொசு பாடுவதுபோல முணுமுணுப்பார்.

அவர்கள் வீட்டுக்கு எதிரேதான் என் காலைப் பலகாரக் கடை. தோசைக்கல்லில் முட்டை ரொட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அவர்கள் வீட்டுக் கூடம் முழுக்கத் தெரியும். பார்க்க வேண்டும் என்று பார்த்ததில்லை. கண் இருக்கிறதே, என்ன செய்வது?

செல்லங்கள் என்று அவர் சொன்னது சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட நன்னீர் இறால்களை. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். கடல் இறாலைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டி எடை போடுகிற ஊரில் இப்படி ஒரு ஆள். தொட்டியை எட்டிப் பார்க்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"இதை வறுத்தா எத்தனை பேர் சாப்பிடலாம்?"

அதற்குப் பதில் சொல்வது அவர் மனைவி பீஷியா. "சாப்பிட வேணாம். பல்லுல மாட்டிக்கும், அவ்வளவுதான்."

பீஷியாவுக்கு அந்தத் தொட்டி ஆகவே ஆகாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னை ஒருநாளும் செல்லம் என்று கூப்பிடாத மனுஷன், பூச்சி மாதிரி இருக்கிற ஒன்றைக் கூப்பிடுகிறாரே என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புதான். ஆனாலும் சொல்லாமல் ஒருநாளும் விட்டதில்லை.

முதல் தடவை வாங்கிய இறால்கள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஜின்சுவான் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அடியில் ஆற்றுக் கூழாங்கல்லைப் பரப்பி, அதில் விட்டிருந்தார். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படை கட்டும். அந்தத் தண்ணீரில் மலையோடையில் வாழ்கிற உயிர் எப்படிப் பிழைக்கும்? பீஷியாவின் தம்பி மிங்தாவுக்கும் அந்தத் தொட்டியில் பாதிப் பங்கு உண்டு. துறைமுகத்து ஐஸ் ஆலையில் வண்டி ஓட்டுகிறவன், கல்யாணம் ஆகாதவன், இரண்டு வேளையும் அக்கா வீட்டுச் சாப்பாடு. மாமனும் மச்சானுமாகப் பிங்தோங் நகரத்துக்குப் போய், இறால் விற்ற கடையில் நியாயம் கேட்டார்கள்.

அந்தக் கடைப் பெண் பெயர் வான்ரூ. அவள் பொறுமையாகச் சொன்னாளாம். "இந்த இறாலுக்குத் தண்ணி மென்மையா இருக்கணும், லேசாப் புளிப்பு ஏறியிருக்கணும். கூழாங்கல்லு சும்மா கிடக்கும், ஒண்ணும் பண்ணாது. இதுக்குன்னே சுட்ட மண்ணு உருண்டை இருக்கு. அது தண்ணியப் புளிப்புப் பக்கம் இழுத்து, அங்கயே பிடிச்சு வெச்சுக்கும். ஆனா ஒண்ணு, உங்க ஊர்த் தண்ணி…"

அவள் முடிப்பதற்குள் அலமாரியில் இருந்த இரண்டு பைகளைப் பார்த்து இவர்கள் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். ஒன்று ஜப்பான் மண். இன்னொன்று உள்ளூரில் சுட்ட மண். கடையில் தொடங்கிய சண்டை, வண்டியில் வந்து, மறுநாள் காலை என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சோயாப் பால் குடித்தது.

"மாமா, ஜப்பான் மண்ணு செடி வளர்க்கிறவங்களுக்கு. அதுல சத்து ஜாஸ்தி. தண்ணில சத்து ஊறிச்சுன்னா இறால் மூச்சு முட்டிச் சாகும். நம்ம ஆளு இறாலுக்குன்னே சுட்டு விக்கிறான்ல?"

"டேய், இந்த இறாலோட நெறத்தையே ஜப்பான்காரன்தான்டா கொண்டு வந்தான். அவனுக்குத் தெரியாததா உன் ஐஸ் ஆலைக்குத் தெரியும்?"

"கொண்டு வந்தது அவன். இன்னிக்கு ஊர் ஊரா வளர்த்து விக்கிறது நம்ம ஆளு."

"நம்ம ஆளு எல்லாத்தையும்தான் விக்கிறான். நேத்து எனக்கே குடை வித்தான். பிரிச்சுப் பார்த்தா ஓட்டை."

இப்படியே போனது. கடைசியில் இரண்டிலும் ஒவ்வொரு பை வாங்கிவந்து சோதித்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. பீஷியாவின் சூப்புக் கிண்ணங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மண் உருண்டை, கொஞ்சம் தண்ணீர். மேலே ஒரு மருந்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும். மஞ்சள் வந்தால் புளிப்பு, நல்லது. நீலம் வந்தால் போச்சு. கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், அரிசிக் குக்கருக்கு மேலே, குளிர்பெட்டியின் தலையில் என்று சமையலறை முழுக்கக் கிண்ணமாக இருந்தது. பீஷியா சமைக்கப் பாத்திரம் தேடி என் கடைக்கு வருவாள்.

அந்தச் சமயம் பார்த்து ஜின்சுவானின் அக்கா ஜின்லியென் வந்து சேர்ந்தாள். வெயிலில் வந்தவளுக்குப் பீஷியா சிவப்புப் பயறு போட்ட ஐஸ் சீவிக் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே சமையலறைக்குள் போன ஜின்லியென், ஒரு கிண்ணத்தில் கருப்பாகப் பளபளவென்று உருண்டைகள் ஊறுவதைப் பார்த்து, இனிப்பில் போடுகிற கருப்பு மரவள்ளி முத்து என்று நினைத்து ஒரு கரண்டி அள்ளித் தன் ஐஸில் போட்டுக்கொண்டாள்.

"என்னடி பீஷியா, முத்து வேகவே இல்ல! மண்ணு மாதிரி இருக்கு!"

அந்தச் சத்தம் எனக்கு எதிர்ப்பக்கம்வரை கேட்டது. அடுத்து பீஷியா கத்தினது தெருமுனைவரை கேட்டது. நாத்தனாருக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, புருஷனையும் தம்பியையும் வாசலுக்கு இழுத்துவந்து நிறுத்தினாள்.

"இன்னிக்கு எந்த மண்ணுன்னு முடிவாகணும். ஆகலேன்னா ராத்திரிச் சோத்துல ரெண்டு பேருக்கும் இதைத்தான் தூவிப் போடுவேன்."

நான் கடையில் இருந்தபடி வேடிக்கைக்குச் சொன்னேன். "மண்ணு விஷயம்தான? மண்சாமியப் போய்க் கேளுங்களேன்."

சொல்லியிருக்கக் கூடாது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மண்சாமி என்றால் தூதிகோங். எங்கள் மீன் சந்தை மூலையில் அவருக்குச் சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. வெள்ளைத் தாடியும் சிரித்த முகமுமாக உட்கார்ந்திருப்பார். படகு வாங்குவதா, பெண்ணைக் கொடுப்பதா, கடையை இந்த மாசம் திறப்பதா அடுத்த மாசமா என்று எல்லாவற்றையும் அவரிடம் கேட்போம். பிறை வடிவில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருளை. கேள்வியைச் சொல்லித் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று உருளையுமாக விழுந்தால் சாமி சரி என்கிறார். இரண்டும் உருளைப் பக்கம் மேலே வந்தால் இல்லை என்கிறார். இரண்டும் தட்டை மேலே வந்து ஆடிக்கொண்டு கிடந்தால் சாமி சிரிக்கிறார். கேள்வி அவருக்கு வேடிக்கையாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். முக்கியமான விஷயம் என்றால் அடுத்தடுத்து மூன்று தடவை சரி வர வேண்டும்.

நான் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனேன். என் வாயிலிருந்து வந்த யோசனைதானே!

கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஆஷுய் பெரியப்பா, விஷயத்தைக் கேட்டுவிட்டு ஊதுபத்தியை நீட்டினார். ஜின்சுவான் முட்டி போட்டார். பழக்கதோஷத்தில் ஏலக்குரல் வந்துவிட்டது.

"சாமி! ஜப்பான் மண்ணு வாங்கலாமா!"

"மெதுவாடா, சாமி பக்கத்துலதான் இருக்காரு," என்றார் பெரியப்பா.

கட்டைகள் விழுந்தன. இரண்டும் தட்டை மேலே. சாமி சிரித்தார்.

மிங்தாவுக்கு ஒரே சந்தோஷம். மாமாவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, "உள்ளூர் மண்ணு வாங்கலாமா சாமி?" என்று போட்டான். மறுபடியும் சிரிப்பு. ஜின்சுவான் திரும்பவும் கேட்டார், சிரிப்பு. மிங்தா கட்டையை மாற்றிப் பிடித்து, ஒருக்களித்து, இடது கையால் போட்டுப் பார்த்தான், சிரிப்பு. மீன் வாங்க வந்தவர்கள் பையோடு வாசலில் கூடிவிட்டார்கள். ஒரு கிழவர், "நாப்பது வருஷமா வர்றேன், சாமி இவ்வளவு சிரிச்சுப் பார்த்ததில்ல," என்றார்.

பீஷியா அதுவரைக்கும் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வந்து கட்டைகளை வாங்கினாள். முட்டி போட்டு, மரியாதையாகத் தன் பெயரையும் வீட்டு விலாசத்தையும் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"சாமி, தப்பு மண்ணு மேல இல்ல, இந்த ரெண்டு ஆம்பளைங்க மேலதான். சரியா?"

சரி. மறுபடி போட்டாள். சரி. மூன்றாவது தடவை கட்டை ஒன்று உருண்டு போய் மிங்தாவின் செருப்பில் இடித்து நின்றது. அதுவும் சரி.

கோயில் வாசலில் எழுந்த சத்தத்தில் புறாக்கள் பறந்தன. ஆஷுய் பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணு கேட்டுரும்மா. அப்ப யாரு எடுக்கிறது?" என்றார்.

பீஷியா சிரித்துக்கொண்டே கேட்டாள். "நானே எடுக்கட்டுமா சாமி?"

சரி, சரி, சரி.

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தொட்டியைத் தூக்கித் தெருவில் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் தலையிலேயே வந்து விழுந்தது. சாமி சொன்ன பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் அவள் தனியாகப் பேருந்து ஏறிப் பிங்தோங் போனாள். மீன் வாங்குகிற மாதிரிதான் மண்ணையும் வாங்கினாள். கடைக்காரி வான்ரூவிடம் இரண்டு பையிலும் மாதிரி கேட்டு, உருண்டையை விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். பிறகு ஆண்கள் இருவரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"இந்த மண்ணு எவ்வளவு காலத்துக்குத் தாங்கும்?"

வான்ரூவுக்கு முகம் மலர்ந்துவிட்டதாம். "அன்னிக்கு நான் சொல்ல வந்தது அதைத்தான் அக்கா. மண்ணு ஸ்பாஞ்சு மாதிரி. தண்ணில இருக்கிற கல்லுச் சத்த உறிஞ்சி உறிஞ்சித்தான் புளிப்பா வெச்சிருக்கும். ஒருநாள் நிரம்பிடும். அதுக்கப்புறம் அதுவும் கூழாங்கல்லுதான். உங்க ஊர்க் குழாய்த் தண்ணிய ஊத்தினா எந்த மண்ணும் சீக்கிரமே நிரம்பிடும். கல்லுச் சத்து இல்லாத தண்ணி ஊத்தினா வருஷத்துக்கு மேல கூட வரும்."

பீஷியா வீட்டுக்கு வந்து, நாலு ஊறுகாய் ஜாடியைக் கழுவித் தன் சமையல் மேடையில் வைத்தாள். இரண்டில் ஜப்பான் மண், இரண்டில் உள்ளூர் மண். ஒவ்வொரு மண்ணிலும் ஒரு ஜாடிக்குத் தினமும் குழாய்த் தண்ணீர் மாற்றினாள். இன்னொரு ஜாடிக்கு நாங்கள் எல்லோரும் குடிக்கப் பிடிக்கிற தண்ணீர். தெருமுனையில் காசு போட்டால் வடிகட்டிய தண்ணீர் கொட்டுகிற இயந்திரம் இருக்கிறது. எங்கள் ஊரில் யார் குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறார்கள்? ஒரு வாரம் கழித்துச் சொட்டு மருந்தை விட்டாள். குழாய்த் தண்ணீர் ஜாடி இரண்டும் பச்சை தாண்டி நீலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. மற்ற இரண்டும் எலுமிச்சை மாதிரி மஞ்சள்.

மாமனையும் மச்சானையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்க. நீங்க அடிச்சுக்கிட்ட ரெண்டு மண்ணும் ஒண்ணுபோலத்தான் வேலை செய்யுது. நீங்க குடிக்க மாட்டீங்க, அந்தத் தண்ணிய அதுங்களுக்கு ஊத்துறீங்க. சாமி சிரிக்காம என்ன செய்வாரு?"

ஜின்சுவான் ஜாடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எந்த மண்ணுதான் எடுக்கிற?"

"உள்ளூருது. நசுக்கினா உடையல. உங்க ஜப்பான் மண்ணு மூணு நாள்ல சேறாகுது, தண்ணில நாத்தமும் ஜாஸ்தி. சத்து ஊறுதுன்னு தம்பி சொன்னது அது மட்டும் நிஜம்."

மிங்தா நெஞ்சை நிமிர்த்தினான். அக்கா அடுத்த மூச்சில், "நீ நிமிராத. தண்ணிக் கேன் தூக்கிட்டு வர்றது உன் வேலை," என்றாள்.

மீந்த ஜப்பான் மண்ணைத் தன் சமையல் துளசித் தொட்டிகளில் போட்டாள். செடி மண்தானே, துளசி இலை உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. அவள் வதக்கிய சிப்பியில் அந்த வாசனை என் கடைவரை வரும். ஜின்சுவான் அதைச் சாப்பிடும்போது மட்டும், "பார்த்தியா, மண்ணு உசத்திதான்," என்பார்.

தொட்டியில் மண்ணைப் பரப்பி, தெருமுனைத் தண்ணீரை நிரப்பி, கடைக்காரி கொடுத்த இறால் உப்பில் ஒரு சிட்டிகை போட்டு, பீஷியா இறால் விடாமல் அதைச் சும்மா விட்டுவைத்தாள். மண் ஊறி, தண்ணீர் பழகி வருவதற்கு ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஜின்சுவான் தினமும், "இப்ப விடலாமா?" என்று கேட்டார். அவள் தினமும், "சோறு வேகுறதுக்குள்ள மூடியத் திறக்காதீங்க," என்றாள். பிறகுதான் புது இறால்கள் வந்தன.

இந்தத் தடவை ஒன்றுகூடச் சாகவில்லை. அது மட்டுமா? பெட்டை ஒன்று வயிற்றுக்கு அடியில் முட்டை கட்டியது. அன்றைக்குப் பீஷியா கடைக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். "பாரேன் யூச்சின், எப்படிக் காலால விசிறிக்கிட்டே இருக்கா பாரு. ஒரு நிமிஷம் ஓயல. பாவம், முதுகு வலிக்கும்." நான் அவளைத்தான் பார்த்தேன். தொட்டியைத் தூக்கி எறியப்போகிறேன் என்று சொன்னவள் இவள்தான்.

ஜின்சுவானுக்குத் தலைகால் புரியவில்லை. மண்சாமிக்கு நன்றி செய்ய வேண்டும் என்று துடித்தார். அந்த மாசம் ஏலக்கூடத்து ஆட்கள் எல்லோரும் ஹுவாலியனுக்குச் சுற்றுலா போனார்கள். மலையையே வெட்டிப் பளிங்கு எடுக்கிற ஊர். அங்கே கையளவு மண்சாமி சிலை ஒன்றைப் பார்த்தார். பால்வெள்ளைப் பளிங்கு, தாடியில் ஒவ்வொரு மயிரும் தெரிகிற வேலைப்பாடு. மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்து, தொட்டிக்கு நடுவில், மண்மேல் உட்கார வைத்துவிட்டார்.

"எப்படி? அவரோட இடத்துல அவரு உட்கார்ந்திருக்காரு," என்று ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். உண்மையில் அழகாகத்தான் இருந்தது. இறால்கள் சாமியின் மடியிலும் தொப்பியிலும் ஏறி விளையாடின. தெருவில் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு மாசத்துக்கெல்லாம் முட்டை கட்டியிருந்த பெட்டை முட்டையை உதிர்த்துவிட்டது. பிறகு இன்னொன்றும். அப்புறம் ஒரு காலையில் ஓர் இறால் செத்துக் கிடந்தது. பீஷியா சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தாள். மஞ்சள் மாறிப் பச்சை ஏறியிருந்தது. தண்ணீரைக் கொஞ்சம் மாற்றினாள். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மறுபடியும் பச்சை.

மிங்தா என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான். "அக்கா எடுத்த மண்ணு அதுக்குள்ள தீர்ந்து போச்சு. நசுக்கிப் பார்த்து வாங்க அதென்ன கத்திரிக்காயா?"

உள்ளூர் மண்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவனே அவன்தான். அது அவனுக்கு மறந்துவிட்டது. பீஷியா அப்போது என் அடுப்பங்கரைத் திரைக்குப் பின்னால்தான் நின்றாள், மாவுக்கரண்டி திருப்பிக் கொடுக்க வந்தவள். முகம் சுண்டிப் போனது.

"நானா கேட்டேன்? என் தலையில கட்டினது யாரு?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். அவளுக்குத் தம்பி சொன்னது பெரிதாகத் தெரியவில்லை. புருஷன் அவன் எதிரே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு முட்டை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாரே, அதுதான்.

அவள் பின்வாசல் வழியாகப் போக எத்தனித்தாள். அப்போதுதான் ஜின்சுவான் பேசினார். ஏலக்குரலிலோ தொட்டிக் குரலிலோ இல்லை. சாதாரணமாக.

"மண்ணு தப்பு இல்லடா."

"பின்ன என்ன மாமா? பச்சை ஏறுதுல்ல?"

"ஏறுது. ஏன்னு எனக்குத் தெரியல. ஆனா மண்ணு இல்ல. உங்க அக்கா எடுத்தது அது. அவ ஒரு மீனுகூட இத்தனை வருஷத்துல கெட்டது வாங்கினது கிடையாது. இன்னொரு தடவை அவளச் சொன்னேன்னு வெச்சுக்க, ஐஸ் ஆலைல போய்ச் சாப்பிட்டுக்க."

பீஷியா மாவுக்கரண்டியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் தெருவைத் தாண்டியிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் விடவில்லை. தண்ணீர் இயந்திரத்தின் தண்ணீரைச் சோதித்தாள், சுத்தமாக இருந்தது. இறால் உப்பைச் சந்தேகப்பட்டாள். அதுவும் பழைய அளவுதான். ஒருநாள் பாத்திரம் கழுவ வெந்நீர் வைக்கிற பழைய கெட்டிலை, உள்ளே படிந்த வெள்ளைப் படை போகட்டும் என்று, வினிகர்க் காடி ஊற்றி வைத்தாள். படை சுர்ரென்று நுரைத்துக் கரைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், காடிப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

தொட்டியில் கிடந்த ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துத் தட்டில் வைத்து ஒரு சொட்டு விட்டாள். மரக்கட்டை, ஒன்றும் இல்லை. கருங்கல், ஒன்றும் இல்லை. கடைசியில் மண்சாமிதான் மிச்சம். அவரையும் எடுத்தாள். முகத்தில் விட மனசு வரவில்லை. கவிழ்த்து, பீடத்துக்கு அடியில் ஒரு சொட்டு விட்டாள்.

சுர்ரென்று நுரைத்தது.

என்னைக் கூப்பிட்ட கூப்பாட்டில் ரொட்டியைக் கருகவிட்டு ஓடினேன். சாமியின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. பளபளப்பெல்லாம் போய் முகம் மங்கியிருந்தது. தாடியில் தனித்தனியாகத் தெரிந்த மயிர்கள் ஒன்றோடொன்று கலந்து, சாமி மழையில் நனைந்து வந்த மாதிரி இருந்தார். கெட்டிலில் படிகிறதும் பளிங்கும் ஒரே வகைக் கல்தானாம், பிறகு வான்ரூ சொன்னாள். புளித்த தண்ணீரில் சாமி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தார். அவர் கரையக் கரைய, மண் அதை உறிஞ்சி உறிஞ்சிக் களைத்துப் போயிருந்தது.

ஜின்சுவான் வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் வெளிறிப் போனார். "சாமிய நான் கரைச்சிட்டேனா?"

"நீங்க இல்ல, தண்ணி," என்றாள் பீஷியா.

"போட்டது நான்தான?"

அவருக்கு ஆறவே இல்லை. சாமியிடம் கேட்காமல் அவரை எங்கும் வைக்க முடியாது என்று கிளம்பிப் போய், ஆஷுய் பெரியப்பாவைக் கட்டைகளோடு வீட்டுக்கே அழைத்துவந்தார். மங்கின சிலையை மேசையில் துண்டு விரித்து உட்காரவைத்தார்கள். மிங்தாவும் வந்து சேர்ந்தான். பீஷியா அவனைப் பார்க்காமல் கட்டைகளை எடுத்துக் கேட்டாள்.

"சாமி, நீங்க தண்ணிய விட்டு வெளிய இருக்கீங்களா?"

சரி. சரி. சரி. அவ்வளவு வேகமாக மூன்று சரி நான் பார்த்ததே இல்லை.

ஆஷுய் பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். "பின்ன? மண்சாமிய யாருடா தண்ணில முக்கி வெப்பான்? இத்தனை நாள் மூச்சப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்திருக்காரு பாவம்!"

அந்த வார்த்தை சந்தையில் பரவ ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. ஜின்சுவான் ஏலம் கூவிக்கொண்டிருக்கும்போது கூட்டத்தில் யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக் காட்டுவார்கள். விலையைப் பாதி கூவும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். மற்ற ஏலக்காரர்கள் அவருக்கு நீச்சல் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள், சாமிக்குப் போடச் சொல்லி.

சாமி இப்போது அவர்கள் கூடத்தில் சன்னலோரம் வெயில் படுகிற பலகையில் இருக்கிறார். மிங்தாவுக்கு நாலு நாள் அக்கா வீட்டுச் சோறு கிடையாது. என் கடைப் பலகாரத்தையே மூன்று வேளையும் தின்று சலித்தவன், ஐந்தாம் நாள் இரண்டு கையிலும் தண்ணீர்க் கேனோடு போய் வாசலில் நின்றான்.

"அக்கா, தண்ணி."

"வெச்சிட்டுப் போ."

"அக்கா, கத்திரிக்காய்னு சொன்னது தப்புதான்."

"எதைச் சொன்ன?"

"நீ எடுத்த மண்ண."

"சத்தமாச் சொல்லு. அன்னிக்கு எவ்வளவு சத்தமாச் சொன்னியோ அவ்வளவு."

அவன் தெருவைப் பார்த்துத் திரும்பிச் சத்தமாகச் சொன்னான். நான் கை தட்டினேன். அவள் உள்ளே போய் அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள்.

மண் களைத்திருந்தாலும் முழுக்கப் போய்விடவில்லை. பீஷியா அவசரப்படாமல், வாரத்துக்குக் கொஞ்சமாகத் தெருமுனைத் தண்ணீரை மாற்றிக்கொண்டே வந்தாள். பச்சை மெல்ல மெல்ல மஞ்சளுக்குத் திரும்பியது. பெட்டைகள் மறுபடி முட்டை கட்டின. இந்தத் தடவை எதுவும் உதிரவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம். கடையில் ஆள் இல்லை. கூடத்தில் இருவரும் தொட்டிமுன் குந்தியிருந்தார்கள். பீஷியா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, மண்ணோரத்தில் விரலால் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அதோ பாருங்க, அந்த உருண்டைக்குப் பக்கத்துல. இமை மயிர் மாதிரிக் குஞ்சு. சிவப்புப் பட்டைகூட இருக்கு. இங்க ஒண்ணு. இங்க ரெண்டு. ஐயோ, இலை அடியில எவ்வளவு இருக்கு பாருங்க!"

"எங்க?"

"இங்கதான். என் விரல் நுனில."

ஜின்சுவான் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற வரைக்கும் குனிந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். தூரத்தில் வரும் படகு யாருடையது என்று சொல்லிவிடுகிற கண்களுக்குக் கிட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தெரியுதா?"

"தெரியல."

"நல்லாப் பாருங்க."

"நீ சொன்னா இருக்கும்," என்றார். பிறகு இறால்களைச் செல்லம் என்று கூப்பிடுகிற அதே கொசுக்குரலில், அவள் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவள் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள், காதுவரை சிவந்திருந்தாள்.